பருவகால மனச்சோர்வும் ஒளிச் சிகிச்சையின் வரலாறும்

ஒளிச் சிகிச்சை என்பது, மனச்சோர்வால் பாதிக்கப்பட்டவரை நாள்தோறும் குறித்த நேரத்தில் மிகப் பிரகாசமான விளக்கின் முன் அமர வைத்து அளிக்கப்படும் மருத்துவ முறை ஆகும். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தோன்றி, வசந்தம் வந்ததும் விலகிவிடும் பருவகால மனச்சோர்வுக்காக இது 1980களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள்காமாலைக்கு நீல விளக்கின் கீழ் அளிக்கப்படும் சிகிச்சையும், தோல் நோய்களுக்கான புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் இதிலிருந்து வேறானவை. அவற்றில் ஒளி தோலின் வழியாகச் செயல்படுகிறது. இதில் கண்ணின் வழியாகச் செயல்படுகிறது.

தமிழ்நாட்டில் வாழ்பவர்களுக்கு இந்நோய் சற்று வியப்பாகவே தோன்றும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. வாஷிங்டனில் அது ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். நார்வேயின் வடகோடியான பின்மார்க் பகுதியில் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குச் சூரியன் உதிப்பதே இல்லை. 1980களில் அங்குள்ள மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்ற ஈழத்தமிழர்கள் அந்த இருளை நேரில் கண்டவர்கள்.

== முன்னோடிகள் ==

ஒளிக்கும் மனநிலைக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் பழமையானது. மந்தநிலையில் கிடக்கும் நோயாளிகளை வெளிச்சத்தில் கிடத்த வேண்டும் என்று பண்டைய கிரேக்க மருத்துவர் அரீட்டியஸ் கூறியுள்ளார். 1898இல் பெல்ஜிக்கா என்னும் ஆய்வுக்கப்பல் அண்டார்க்டிக் பனியில் சிக்கிக்கொண்டது. ஏறத்தாழ 70 நாட்கள் சூரியனைக் காணாத மாலுமிகள் உடல் வெளிறி, உறக்கம் கெட்டு, ஊக்கம் இழந்தனர். சிலருக்குச் சித்தம் கலங்கியது. கப்பலின் மருத்துவர் பிரடெரிக் குக் அவர்களை அடுப்பு நெருப்பின் முன் ஆடையின்றி நிற்கச் செய்தார். ஒளிச் சிகிச்சையின் முதல் முயற்சியாக இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அதே சமயம் பென்குவின், கடல்நாய் இறைச்சியையும் அவர் கட்டாயப்படுத்தி உண்ணச் செய்தார். அவர்களின் நோயில் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்விக்கும் பெரும் பங்கு இருந்ததால், அவர்களைத் தேற்றியது நெருப்பா இறைச்சியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டென்மார்க்கின் நீல்ஸ் பின்சென் 1903இல் ஒளி மருத்துவத்திற்காக நோபல் பரிசு பெற்றார். அது தோலில் வரும் காசநோய்க்கான சிகிச்சை, மனநோயோடு தொடர்பற்றது.

== ஒரு நோயாளியின் குறிப்பேடுகள் ==

இன்றைய ஒளிச் சிகிச்சையின் வரலாறு மருத்துவரிடமிருந்து தொடங்கவில்லை. ஒரு நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. ஹெர்பர்ட் கெர்ன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தம் மனநிலையின் ஏற்ற இறக்கங்களை 13 ஆண்டுகள் விடாமல் குறித்து வந்தார். பகல் குறையும் காலத்தில் வேலையில் நாட்டமின்மை, மனிதர்களைக் கண்டால் அச்சம், எதிலும் முடிவெடுக்க இயலாமை. பகல் நீளும்போது அளவுகடந்த உற்சாகம். குறிப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. பகலின் நீளமே தம் நோயை ஆட்டுவிக்கிறது என்ற முடிவுக்கு வந்த அவர், மேரிலாந்து மாநிலம் பெதஸ்டாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தை அணுகினார்.

அவர் சென்ற காலம் வாய்ப்பாக அமைந்தது. அந்நிறுவனத்தில் ஆல்பிரெட் லூவியும் உடன் ஆய்வாளர்களும் மெலட்டோனின் என்னும் ஹார்மோனை ஆராய்ந்துகொண்டிருந்தனர். மூளையின் பினியல் சுரப்பி இரவில் சுரக்கும் இது, 1958இல் ஆரன் லெர்னர் என்னும் தோல் மருத்துவரால் பிரித்தெடுக்கப்பட்டது. விலங்குகளுக்கு இரவில் விளக்குப் போட்டால் இச்சுரப்பு நின்றுவிடும். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அவ்வாறு நிகழாததால், ஒளிக்குக் கட்டுப்படும் பருவ கடிகாரம் மனிதனுக்கு இல்லை என்றே பலரும் கருதினர். 1980இல் லூவி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை மாற்றியது. நள்ளிரவுக்குப் பின் எழுப்பப்பட்டவர்களுக்கு 500 லக்ஸ் ஒளி போதவில்லை. 2,500 லக்ஸ் ஒளியில் மெலட்டோனின் ஏறத்தாழப் பகல் அளவுக்கே இறங்கியது. மனிதனுக்கும் அந்தக் கடிகாரம் உண்டு, அதைத் தொடப் பேரொளி வேண்டும் என்பது அதன் பொருள்.

லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் ஒளியின் அளவு. இரவில் விளக்கேற்றிய வீட்டறையில் பொதுவாகச் சில நூறு லக்ஸே இருக்கும். நண்பகல் வெயிலில் அது ஒரு லட்சத்தை எட்டும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரும் வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை.

1980ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், மனச்சோர்வின் ஆழத்தில் இருந்த கெர்னுக்கு அதிகாலையில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் 2,000 லக்ஸ் ஒளி அளிக்கப்பட்டது. பனிக்காலப் பகலின் இரு முனைகளையும் நீட்டி அதை வசந்தகாலப் பகலாக்குவதே திட்டம். நான்கு நாட்களில் சோர்வு விலகத் தொடங்கியது. 1982இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் லூவி, நார்மன் ரோசெந்தால், தாமஸ் வேர் ஆகியோருடன் கெர்னின் பெயரும் ஆசிரியர்களுள் ஒன்றாக இடம்பெற்றது. நோயாளியின் பெயர் மறைக்கப்படுவதே வழக்கமாக உள்ள மருத்துவ இதழ்களில் இது அரிதானது.

== பெயர் பெற்ற நோய் ==

ரோசெந்தால் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். வெயில் மிகுந்த ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தபின், குளிர்காலந்தோறும் தம் வேகம் குறைவதை அவரே உணர்ந்திருந்தார். கெர்னைப் போன்றவர்கள் வேறு எவரேனும் உண்டா என்று தேடியபோது, 1981இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை பெருந்துணையாயிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் எழுதினர். அவர்களுள் தேர்ந்தெடுக்கப்பட்ட 29 பேரைப் பற்றிய ஆய்வு 1984இல் வெளியானபோதுதான் பருவகால மனச்சோர்வு என்ற நோய்ப்பெயர் மருத்துவ உலகில் நுழைந்தது. அவர்களிடம் ஒரு தனித்தன்மை இருந்தது. வழக்கமான மனச்சோர்வில் உறக்கமும் பசியும் குறைவதே மிகுதி. இவர்களோ அதிகம் உறங்கினர், அதிகம் உண்டனர், மாவுப் பொருள்களையும் இனிப்பையும் நாடினர். 1987இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்வகைக் கையேட்டில் இந்தப் பருவகாலப் போக்கு இடம்பெற்றது.

== மெய்ப்பிப்பதில் வந்த சிக்கல் ==

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. சிகிச்சையை மெய்ப்பிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஒரு மாத்திரையைச் சோதிக்கும்போது அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரையைப் பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். யார் எதை உண்டார் என்பது அவர்களுக்கே தெரியாது. விளக்கின் முன் அமர்பவரிடம் வெளிச்சத்தை எப்படி மறைப்பது? 1984 ஆய்வில் 11 பேருக்குப் பேரொளியும் மங்கலான மஞ்சள் ஒளியும் மாற்றி மாற்றி அளிக்கப்பட்டன. பேரொளியே பலன் தந்தது. ஆனால் மங்கிய விளக்கைப் பார்ப்பவர் அதனிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க மாட்டார் என்ற ஐயத்தை எவராலும் விலக்க முடியவில்லை. நம்பிக்கையே பாதி மருந்து என்பது மனச்சோர்வு ஆய்வில் வெறும் பேச்சன்று. வெற்று மாத்திரையாலும் கணிசமானோர் தேறுவது இத்துறையில் நன்கு அறியப்பட்டது. ஒளிச் சிகிச்சையைப் பலர் ஏளனமாகப் பார்த்ததில் இந்த நியாயமும் இருந்தது.

விடை காணப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 1998 அக்டோபரில் ஒரே மருத்துவ இதழில் மூன்று ஆய்வுகள் வெளியாயின. சிகாகோவில் சார்மேன் ஈஸ்ட்மன் குழுவினர், மங்கிய விளக்குக்குப் பதிலாக, காற்றில் எதிர்மின் அயனிகளை வெளியிடும் கருவி என்று கூறி, இயங்காத கருவி ஒன்றின் முன் ஒரு பிரிவினரை அமரச் செய்தனர். நோயாளிகள் அதிலும் ஒளியில் வைத்த அளவு நம்பிக்கை வைத்தனர். மொத்தம் 96 பேர். முதல் இரண்டு வாரங்கள் எல்லாப் பிரிவினரும் ஒன்றுபோலவே தேறினர். மூன்றாம் வாரத்திற்குப் பிறகே காலை ஒளி பெற்றவர்களுள் முழுமையாகக் குணமடைந்தோர் கூடுதலாயினர். முந்தைய ஆய்வுகள் பல ஓரிரு வாரங்களிலேயே முடிந்துபோனவை. பொறுத்திருந்து பார்த்ததால்தான் இந்த வேறுபாடு தென்பட்டது. நியூயார்க்கில் மைக்கேல் டெர்மன் குழு 10,000 லக்ஸ் ஒளியை அரை மணி நேரம் அளித்து அதன் பயனைக் காட்டியது. கெர்ன் நாள்தோறும் ஆறு மணி நேரம் அமர்ந்த இடத்தில், வேலைக்குச் செல்பவரும் காலைச் சிற்றுண்டியோடு முடித்துக்கொள்ளக்கூடிய சிகிச்சையாக அது சுருங்கியது.

2005இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் சார்பில் இத்துறை ஆய்வுகள் அனைத்தும் சலிக்கப்பட்டன. பெரும்பாலானவை தரத்தில் தேறவில்லை. தேறிய சிலவற்றில் ஒளியின் பயன், மனச்சோர்வு மருந்துகளின் பயனுக்கு ஒப்பாக இருந்தது.

== ஒளி நுழையும் வழி ==

1987இல் வேர் குழுவினர் நோயாளிகளின் கண்ணை மறைத்துத் தோலில் ஒளி பாய்ச்சியும், தோலை மறைத்துக் கண்ணில் படச் செய்தும் ஒப்பிட்டனர். கண்வழி ஒளியே உதவியது. 1998இல் முழங்காலின் பின்புறம் ஒளி பாய்ச்சி உடல் கடிகாரத்தைத் திருப்பியதாக வந்த ஒரு செய்தி பரபரப்பூட்டியது. வேறு ஆய்வகங்களில் அது மீண்டும் நிகழவில்லை. 2002இல், பார்வைக்கு உதவும் கூம்பு, கோல் செல்களைத் தவிர, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்டு ஒளியைத் தாமே உணரும் நரம்புச் செல்கள் விழித்திரையில் உள்ளன என்பதும், அவை மூளையின் கடிகார மையத்தோடு இணைந்துள்ளன என்பதும் நிறுவப்பட்டன. மெலட்டோனினை அடக்குவதால் மட்டுமே ஒளி வேலை செய்கிறது என்ற தொடக்ககாலக் கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. பிந்திப்போன உடல் கடிகாரத்தைக் காலை ஒளி முன்னுக்கு இழுக்கிறது என்பது இப்போது செல்வாக்குப் பெற்ற விளக்கம்.

== குளிர்காலத்துக்கு அப்பால் ==

பருவத்தோடு தொடர்பில்லாத மனச்சோர்விலும் ஒளி சோதிக்கப்பட்டுள்ளது. கனடாவில் ரேமண்ட் லாம் குழுவினர் 122 பேரிடம் எட்டு வாரம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒளியும் புளுவாக்செட்டின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றோரில் 59 விழுக்காட்டினரும், ஒளி மட்டும் பெற்றோரில் 44 விழுக்காட்டினரும் நோய் நீங்கினர். போலிச் சிகிச்சை பெற்றோரில் இது 30 விழுக்காடு. மாத்திரை மட்டும் உண்டோரில் 19 விழுக்காடே.

இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒளி ஆபத்தும் ஆகலாம். சோர்விலிருந்து நேரே மிகையெழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும். டாரதி சிட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், காலையில் ஒளி பெற்ற நான்கு பெண்களுள் மூவருக்குச் சோர்வும் எழுச்சியும் கலந்த நிலை தோன்றியது. ஆகவே அடுத்த ஆய்வில் அவர்கள் நேரத்தை நண்பகலுக்கு மாற்றினர். 2018இல் வெளியான அந்த ஆய்வில் 46 பேர் பங்கேற்றனர். தம் மருந்துகளைத் தொடர்ந்தபடியே 7,000 லக்ஸ் ஒளி பெற்றவர்களுள் 68 விழுக்காட்டினரும், மங்கிய ஒளி பெற்றவர்களுள் 22 விழுக்காட்டினரும் சோர்விலிருந்து மீண்டனர். எவருக்கும் மிகையெழுச்சி தோன்றவில்லை.