ஹன்சல்பூர் கார் ஆலை ரயில் சைடிங்

ஹன்சல்பூர் ரயில் சைடிங் என்பது குஜராத்தில் பேச்சராஜி அருகே, மாருதி சுசுகி குழும ஆலை வளாகத்துக்குள் கார்களை ஏற்றுவதற்காக அமைந்த சரக்கு ரயில் தடம். இவ்வகையில் இந்தியாவில் இதுவே முதலாவது. ஆண்டுக்கு 3 லட்சம் கார்களை அனுப்பும் திறனுடைய இது, பிரதமர் கதி சக்தித் திட்டத்தின்கீழ் உருவாகி 2024 மார்ச் 12-இல் தொடங்கப்பட்டது. கார்களை ரயிலில் ஏற்றத் தனியார் சொந்தமாக வேகன்கள் வைத்துக்கொள்ள 2010-இல் வகுக்கப்பட்ட கொள்கையும், 2013-இல் மாருதி பெற்ற உரிமமும் இதற்கு அடித்தளமிட்டன.

இத்தகைய முதலீட்டின் பயன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது. இரண்டடுக்கு வேகன்கள் கொண்ட ஒரு ரயில் ஏறத்தாழ 300 கார்களைச் சுமப்பதால், தொலைதூரச் சந்தைகளுக்கு டீசல் செலவும் நெடுஞ்சாலை நெரிசலும் குறைகின்றன. விற்பனையகம்வரை ரயில் செல்லாது என்பது சரியே. ஆயினும் இறுதிக்கட்டத்துக்கு மட்டுமே டிரெய்லர் லாரிகள் தேவை. ஒரு நிறுவனத்துக்கே நன்மை என்ற ஆட்சேபமும் முழுமையானதன்று: ஆலையை இணைக்க அகலப்பாதையாக்கப்பட்ட இருப்புப்பாதை அவ்வட்டாரத்தின் பிற போக்குவரத்துக்கும் உதவக்கூடியது. எனினும் வட்டார வளர்ச்சிக்குத் தடம் மட்டும் போதாது. உதிரிபாக ஆலைகளும் தொழிற்பயிற்சியும் உடன்வர வேண்டும். ஹன்சல்பூரைத் தொடர்ந்து, ஹரியானாவிலுள்ள மாருதியின் மானேசர் ஆலையிலும் ஆண்டுக்கு 4.5 லட்சம் கார்களுக்கான சைடிங் 2025 ஜூனில் திறக்கப்பட்டது.