விம் எடிட்டரின் உள்ளிணைந்த செயற்கூறுகள்: பழையதைத் தொடாமல் நடந்த வளர்ச்சி

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் அமிகா கணினிக்காக வெளியிட்ட விம் எடிட்டரில் நிரல்மொழி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பில் ஜாய் உருவாக்கிய விஐ எடிட்டரின் கட்டளைகளே அதன் அடித்தளம். 1998-இல் தொடங்கிய 5-ஆம் வரிசைப் பதிப்புகளில்தான் மாறிகளும் நிபந்தனைகளும் மடக்குகளும் வந்தன. அவற்றோடு எடிட்டரே தரும் உள்ளிணைந்த செயற்கூறுகளும் வந்தன. அவற்றின் வரலாற்றைப் பதிப்பு பதிப்பாகப் பார்த்தால் ஒரு கொள்கை புலப்படுகிறது: ஒருமுறை கொடுத்த செயற்கூறின் பொருளை மாற்றுவதில்லை, குறை தெரிந்தால் பக்கத்தில் புதிய ஒன்றை வைப்பது.

இந்தக் கொள்கைக்கு இடம் கொடுத்தது ஒரு பெயரிடும் விதி. பயனர் எழுதும் பொதுச் செயற்கூறின் பெயர் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். சிறிய எழுத்துப் பெயர்கள் எடிட்டருக்கு உரியவை. எனவே எந்தப் பதிப்பில் எத்தனை புதிய செயற்கூறுகள் சேர்ந்தாலும், யாரோ முன்பே எழுதிவைத்த நிரலின் பெயரோடு அவை மோதுவதில்லை. விம் வரலாற்றில் இதைவிடத் தொலைநோக்கான முடிவு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளே, சி மொழியில் எழுதப்பட்ட ஓர் அட்டவணையில் இப்பெயர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே குறைந்தது எத்தனை அளபுருக்கள், அதிகபட்சம் எத்தனை என்ற எண்கள் இருக்கும். அதிகபட்ச எண்ணைக் கூட்டினாலே, பழைய அழைப்புகள் கெடாமல் செயற்கூறுக்குப் புதிய திறன் கிடைத்துவிடும்.

தொடக்கத்தில் இம்மொழிக்குத் தெரிந்த தரவினங்கள் எண்ணும் சரமும் மட்டுமே. அதனால் கோப்புப் பெயர்களைத் தேடித்தரும் குளோப், கிடைத்த பெயர்களையெல்லாம் வரி வரியாக அடுக்கி ஒரே சரமாகத் திருப்பித் தந்தது. 2006 மே மாதம் வந்த 7.0 பதிப்பு பட்டியலையும் அகராதியையும் கொண்டுவந்தது. குளோப் உடனே மாறவில்லை. பிற்பாடு அதற்குக் கூடுதல் அளபுரு ஒன்று கொடுத்தார்கள். அதைச் சேர்த்து அழைத்தால் பட்டியல், சேர்க்காவிட்டால் பழைய சரம்.

பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் புதிய மதிப்பாக்கும் மேப் 7.0-இல் வந்தது. அது தனக்குக் கொடுத்த பட்டியலையே மாற்றிவிடும். விம் நிரல்மொழியின் புதிய வடிவமான, தரவினங்களைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் விம்9 உருவானபோது இது இடறியது: எண்களின் பட்டியல் நடுவழியில் சரங்களின் பட்டியலாகிவிடலாம். மூலெனார் மேப்பின் இயல்பை மாற்றவில்லை. புதிய பட்டியல் ஒன்றைத் தரும் மேப்நியூ என்ற செயற்கூறை அருகில் வைத்தார்.

இந்தப் போக்கின் மிகத் தெளிவான சான்று சரத்தின் நீளத்தை அளக்கும் செயற்கூறுகளில் கிடைக்கிறது. தமிழில் நிரல் எழுதுவோருக்கு இது நேரடியாகப் பயன்படும். ஸ்ட்ர்லென் பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் 15 என்று விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறியீடுகளுக்கும் தலா மூன்று பைட். எழுத்துகளை எண்ண 7.0 காலத்து உதவிக் குறிப்பு ஒரு சுற்றுவழி சொன்னது: ஒவ்வோர் எழுத்தையும் ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தாக மாற்றிவிட்டு, வரும் சரத்தை ஸ்ட்ர்லென்னால் அளப்பது. அப்படிச் செய்தால் மூன்று கிடைக்கும், ஏனெனில் துணைக்குறிகள் தத்தம் எழுத்தோடு ஒட்டியே மாறுகின்றன.

2010-இல் வந்த 7.3 பதிப்பு ஸ்ட்ர்சார்ஸ் என்ற செயற்கூறைத் தந்தது. அது துணைக்குறிகளைத் தனியாக எண்ணுவதால் அதே சொல்லுக்கு விடை 5. பிறகு துணைக்குறிகளைத் தவிர்க்கச் சொல்லும் அளபுரு அதில் சேர்ந்தது, 8.2 காலத்தில் ஸ்ட்ர்சார்லென் அதையே தனிச் செயற்கூறாகத் தந்தது. இரண்டிலும் விடை 3. சுற்றுவழியில் கிடைத்துக்கொண்டிருந்த விடைக்கு நேர்வழி கிடைக்க இத்தனை பதிப்புகள் ஆயின. தாமதம்தான், ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஸ்ட்ர்லென்னை நம்பிப் பைட் கணக்குப் போட்ட எந்த நிரலும் உடையவில்லை. அந்த விலை கொடுக்கத்தக்கதே என்பது என் கருத்து.

2022 ஜூனில் வெளியான 9.0 பதிப்போடு விம்9 மொழி முறைப்படி வெளிவந்தது. வேகத்துக்காகவும் தெளிவுக்காகவும் பழைய இலக்கணத்தை மீற இதில் மூலெனார் துணிந்தார். இடங்களை எண்ணுவது 0-இலிருந்து தொடங்கும். பழைய மொழியில் ‘தமிழ்’ என்ற சரத்தின் 1-ஆம் இடத்தைக் கேட்டால் தகரத்தின் நடுவிலுள்ள உதிரி பைட் ஒன்று வரும். விம்9-இல் ‘மி’ முழுதாக வரும். ஆனால் இந்தத் துணிவு மொழியின் இலக்கணத்தோடு நின்றது. செயற்கூறுகளின் அட்டவணையில் தரவினச் சரிபார்ப்புக்கான புதிய பத்திகள் சேர்ந்தனவே தவிர, ஸ்ட்ர்லென் விம்9-இலும் 15 என்றே சொல்கிறது.

மூலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 2014-இல் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டர், லுவா மொழிக்கு முன்னுரிமை தந்து வேறு பாதையில் போகிறது. அங்கும் லுவாவிலிருந்து இந்தச் செயற்கூறுகளை அதே பெயர்களில் அழைக்க வழி வைத்திருக்கிறார்கள்.