அட்லாண்டா: தலைநகரும் உழைப்பாளரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜோர்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டா, புகையிரதப் பாதையினால் உருவான நகரமாகும். துறைமுகமோ கப்பலோடும் ஆறோ அங்கில்லை. 1821 இல் கிறீக் பழங்குடியினர் இழந்த நிலத்தில், 1837 இல் பாதையின் முடிவிடம் குறிக்கப்பட்டது. அப்பொருள்படும் 'ரேர்மினஸ்' என்பதே அவ்விடத்தின் முதற்பெயர். உள்நாட்டுப் போரிலே தென்னகப் படைகளுக்கு வேண்டிய பொருள்கள் இச்சந்தியூடாகச் சென்றமையால், 1864 இல் ஷேர்மன் தலைமையிலான வடபுலப் படை நகரைக் கைப்பற்றிப் பின்னர் தீயிட்டது. ஆயினும் நான்கே ஆண்டுகளில், 1868 இல், மாநிலத் தலைநகர் இங்கு மாற்றப்பட்டது.

இவ்விரைவான மீளெழுச்சியை வணிகரின் ஊக்கத்துக்கே உரியதாகக் காட்டுவது வழமை. அடிமை நிலையினின்று விடுபட்டு நகரை நாடிவந்த கறுப்பின மக்களின் உழைப்பு அதில் உரிய இடம் பெறுவதில்லை. எனவே 1881 ஆம் ஆண்டின் சலவைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

அக்காலத்தில் கறுப்பினப் பெண்கள் பலர் வெள்ளையரின் வீட்டுத் துணிகளைப் பெற்று, நீர் சுமந்து, வெளுத்துக் கொடுத்தே சீவித்தனர். அவ்வாண்டு யூலையில் ஏறத்தாழ 20 பேர் சங்கம் அமைத்தனர். வீடுவீடாகச் சென்று ஆள்சேர்த்ததனால் மூன்று வாரங்களுள் அத்தொகை 3,000 ஆயிற்று. 12 இறாத்தல் துணிக்கு 1 டொலர் என்பது அவர்தம் கோரிக்கை. சிலர் கைதாகித் தண்டம் விதிக்கப்பட்டனர். சலவை செய்வோரிடம் 25 டொலர் உரிமக் கட்டணம் அறவிட மாநகரசபை ஆலோசித்தது. அப்பெண்களோ, கட்டணத்தைச் செலுத்த ஆயத்தம். ஆயின் தொழிலின் கட்டுப்பாடு தம்மிடமே இருத்தல் வேண்டுமென முதல்வருக்கு எழுதினர். தம்மை ஒடுக்க வந்த விதியையே உரிமைக் கோரிக்கையாக மாற்றிய அரசியல் தெளிவு அது. சபை அந்த யோசனையைக் கைவிட்டது.

எனினும் நிறவெறி ஓயவில்லை. 1906 செப்ரெம்பரில் வெள்ளையர் கும்பல்கள் நடத்திய படுகொலையில் குறைந்தது 25 கறுப்பினத்தவர் மாண்டனர். இந்நகரில் 1929 இல் பிறந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் போராட்டத்துக்குத் துணைநின்ற வேளையிலே சுட்டுக் கொல்லப்பட்டார். 1973 இல் மேனார்ட் ஜக்சன் அட்லாண்டாவின் முதலாவது கறுப்பின முதல்வராகத் தெரிவானார். கறுப்பின ஒப்பந்தகாரருக்கு நகரின் கதவுகள் திறந்தன. ஆனால் 1977 இல் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர் 900 இற்கும் மேற்பட்டோரை அவரே பணிநீக்கினார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

நிறத்தடை தகர்ந்தமை அரும்பெரும் வெற்றியே. ஆயினும் ஆட்சிபீடத்தில் அமர்பவரின் நிறம் மாறுவதனால் மட்டும் கூலிக்கு உழைப்போரின் நிலை மாறிவிடுவதில்லை. 1881 இல் அப்பெண்கள் கோரியது நியாயமான விலையும் தம் தொழில்மீதான கட்டுப்பாடுமாகும். ஒரு நூற்றாண்டை அண்மித்த பின்னரும் அட்லாண்டா அக்கோரிக்கைக்கு முழுமையாக விடையளிக்கவில்லை என்பதையே 1977 இன் நிகழ்வு நமக்கு உணர்த்துகின்றது.