கையின் பிழையா, கருவியின் பிழையா?

1907ஆம் ஆண்டு. குமாவுன் மலைகளில், சம்பாவத் ஊருக்கருகே, மனிதரைக் கொன்று தின்றுவந்த பெண்புலியை ஜிம் கார்பெட் நேருக்கு நேர் கண்டார். தம் .500 ரைஃபிளுக்கென அவர் எடுத்துவந்தவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபோது புலி காயப்பட்டிருந்தது, சாகவில்லை. ஓடிச்சென்று தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிவந்தார். அது பழைய துப்பாக்கி. பூட்டிய நிலையிலும் குழல்களுக்கும் அடிப்பூட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருந்தது. இருபதடித் தொலைவிலிருந்து புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு வலது முன்பாதத்தில் பட்டது. முன்பே பட்டிருந்த குண்டுகளால்தான் புலி இறந்தது.

1944இல் வெளிவந்த ‘மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்’ நூலில் இந்தத் தவறுக்குக் கார்பெட் இரண்டு காரணங்களைச் சொல்கிறார். தம் கை துப்பாக்கியைத் தாழ்த்தியிருக்கலாம். அல்லது குண்டை இருபதடி நேராகச் செலுத்தும் திறன் அந்தத் துப்பாக்கிக்கு இல்லாதிருக்கலாம். இரண்டில் எது என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. கூறவும் இயலாது. சோதிக்கப்படாத கருவி, பதற்றத்திலிருந்த கை, ஒரே ஒரு குண்டு: இவற்றை வைத்துக்கொண்டு பிழை எங்கே நிகழ்ந்தது என்று எவராலும் பிரித்தறிய முடியாது. பழைய கருவியை நம்புவதற்குமுன் சோதிக்கவேண்டும் என்பதன் பொருள் இந்த ஐயத்தைப் பகுத்துவைப்பதே. கைமாறி வந்த பழைய துப்பாக்கித் தொலைநோக்கி ஒன்றைக் கடுமையாக உதைக்கும் வேட்டைத் துப்பாக்கியில் பொருத்திச் சோதிக்கும் முறையைக் கொண்டு இதை விளக்க முயல்கிறேன்.

முதலில் உதைப்பு. துப்பாக்கி ‘உதைக்கும்’ என்பது பேச்சுத் தமிழ், நூல்களில் ‘பின்னுதைப்பு’. இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கிகளின் அளவுகளை விலங்குகள் மட்டும் தீர்மானிக்கவில்லை, சட்டமும் தீர்மானித்தது. படைத்துறையில் இருந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குக் கிளர்ச்சியாளர் கையில் குண்டு கிடைத்துவிடும் என்ற அச்சத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களை ஆங்கில அரசு இந்தியாவில் தடைசெய்தது. தடையைச் சுற்றிச்செல்ல இங்கிலாந்தின் துப்பாக்கிச் செய்நர்கள் .465, .470 போன்ற புதிய அளவுகளை உருவாக்கினர். படைத்துறையின் .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால் .315 பரவியது, இச்சாப்பூர் ஆலையின்.315 ரைஃபிள் அந்த வரலாற்றின் எச்சம்.

.470 துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 32 கிராம். வேகம் நொடிக்கு 655 மீட்டர் அளவு. துப்பாக்கியின் எடை ஐந்து கிலோ என்று கொண்டால், குண்டின் உந்தத்தை மட்டும் கணக்கிட்டாலே துப்பாக்கி நொடிக்கு நான்கு மீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னோக்கி வரும். வெடிமருந்து வாயுவின் பங்கைச் சேர்த்தால் இன்னும் மிகும். .303 துப்பாக்கிக்கு இதே கணக்கைப் போட்டால் நொடிக்கு இரண்டு மீட்டர்தான். வேகம் இருமடங்கு, தோளும், துப்பாக்கிமேல் பொருத்திய எதுவும் தாங்கவேண்டிய ஆற்றலோ ஐந்து மடங்கு.

அந்த அடியைப் பழைய தொலைநோக்கி தாங்குவது அரிது. 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே துப்பாக்கித் தொலைநோக்கி பயன்பட்டது. ஆயினும் இந்தியக் காடுகளின் கனத்த துப்பாக்கிகளில் அது பெரும்பாலும் இடம்பெறவில்லை. அடர்காட்டில் சுடும் தொலைவு குறைவு. தொலைநோக்கி காட்டும் வட்டமும் குறுகியது. கண்ணை அதற்கு மிக நெருக்கமாக வைக்கவேண்டியிருந்ததால் உதைப்பில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். வில்லைகளை ஒட்டிய கனடா பால்சம் என்னும் பிசின் வெப்பத்தில் இளகிப் பிரியும்; மழைக்காலத்து ஈரத்தில் வில்லைமேல் பூஞ்சை படரும். நைட்ரஜன் அடைத்து ஈரம் புகாமற் செய்த தொலைநோக்கிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவின.

தமிழ்நாட்டுக் காடுகளிலும் இதுவே நிலை. பெண்ணாகரம், அஞ்செட்டி, ஜவளகிரிப் பகுதிகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) வைத்திருந்தது வின்செஸ்டர் 1895 வகை .405 ரைஃபிள்; கடுமையாக உதைப்பது. சுட்ட தோட்டாவின் கூட்டை அது மேல்நோக்கி வீசும் என்பதால் குழலுக்கு நேர்மேலே தொலைநோக்கியை வைக்க இடமே இல்லை. இரவுக் காவலில் அவர் துப்பாக்கியோடு பொருத்திக்கொண்டது கைவிளக்கு.

போர்க்காலப் படைத்துறை இச்சிக்கலை வேறு விதமாக அணுகியது. பிரிட்டனின் ‘எண் 4 (டி)’ என்ற .303 ரைஃபிளில் ‘எண் 32’ என்ற தொலைநோக்கி பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கென வடிவமைக்கப்பட்டது அது. ஒவ்வொரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பிட்ட ரைஃபிளோடு இணைக்கப்பட்டு, அதன் எண் அந்த ரைஃபிளின் மரக்கட்டையில் பொறிக்கப்பட்டது. 1970 அளவில் பிரிட்டன் எல்42ஏ1 என்ற 7.62 மி.மீ. ரைஃபிளைக் கொண்டுவந்தபோது அதே பழைய தொலைநோக்கிகளைத் திருத்தி, தொலைவு அளவுகளைப் புதிய குண்டுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியது. பழையது என்பதற்காக எறியவுமில்லை, முன்பு நன்றாக இருந்தது என்பதற்காக அப்படியே நம்பவுமில்லை. தொலைநோக்கியின் நம்பகம் அதற்குள் மட்டும் இல்லை. எந்தத் துப்பாக்கியோடு, எந்தத் தோட்டாவோடு என்ற உறவில் இருக்கிறது. மரக்கட்டையில் பொறித்த எண் அந்த உறவின் ஆவணம்.

உரிமம் பெற்ற துப்பாக்கியும் முறையான சுடுதளமும் உள்ளவர் இச்சோதனையைப் படிப்படியாகச் செய்வார். முதலில் சுடாமலே சில சோதனைகள். ஒளியை நோக்கிப் பிடித்தால் பிசின் பிரிந்த விளிம்பும் பூஞ்சை இழையும் தெரியும். துப்பாக்கியை அசையாமல் இருத்தித் தலையை மட்டும் அசைக்கும்போது குறுக்கிழை இலக்கின்மேல் நகர்ந்தால் இடமாறு தோற்றப்பிழை உண்டு. திருகுகளை மேலும் வலமும் கீழும் இடமுமாக ஒரே எண்ணிக்கையில் திருப்பினால் குறுக்கிழை ஒரு சதுரத்தை வரைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பவேண்டும். திரும்பாவிடில் உள்ளே எதுவோ தளர்ந்துள்ளது. பழைய தொலைநோக்கிகள் பலவற்றில், திருகும்போது குறுக்கிழை நடுவிலிருந்து விலகித் தோன்றும். அது அக்காலத்து அமைப்பு, பழுதென்று கருதவேண்டியதில்லை.

அடுத்து, பொருத்தியபின் தொலைநோக்கியின் உடலும் பிடிவளையமும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று வரைவார்கள். சுட்டபின் கோடு விலகியிருந்தால் வழுக்கியது பிடிவளையம். உள்ளிருக்கும் வில்லைமேல் பழிபோட முடியாது.

பிறகே சுடுதல். நம்பகமானதென அறிந்த வேறொரு தொலைநோக்கியோடு முதலில் ஐந்து குண்டுகள். பழையதைப் பொருத்தி ஐந்து. மீண்டும் அறிந்ததைப் பொருத்தி ஐந்து. அதே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டாக்கள், அதே ஆள், ஒவ்வொரு முறையும் குழல் ஆறும்வரை காத்திருத்தல். முதலும் மூன்றும் இறுக்கமாக அமைந்து நடுவிலது மட்டும் சிதறினால் ஐயம் தொலைநோக்கியின்மேல். மூன்றும் சிதறினால் துப்பாக்கியோ தோட்டாவோ கையோ காரணம். மூன்றாம் சுற்றைப் பலர் வீண்செலவு என்று விட்டுவிடுவர். ஆனால் இடையில் வேறெதுவும் மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கையைச் சோதிக்கும் வழியும் உண்டு. சுடுபவர் அறியாதபடி, மருந்தில்லாத போலித் தோட்டாக்களை இடையிடையே வேறொருவர் நிரப்பிக் கொடுப்பார். வெடிக்காத தோட்டாவுக்கும் குழல்முனை தாழ்ந்தால், உதைப்பை எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே அஞ்சுகிறது என்று பொருள். கனத்த துப்பாக்கியில் பெரும்பாலான ‘கருவிப் பிழைகள்’ இங்கேதான் அகப்படும். ‘என் கை தாழ்ந்திருக்கலாம்’ என்று கார்பெட் எழுதியதன் நேர்மை இந்தச் சோதனையை அறிந்தபின்தான் எனக்கு விளங்கியது.

இத்தனை நுணுக்கம் எதற்கு? நான் வாழும் பாணேரை அடுத்து, 1994 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக அமைந்த பாலேவாடி விளையாட்டு வளாகம் உள்ளது. துப்பாக்கி சுடும் அரங்கும் அதில் உண்டு. பன்னாட்டு விதிப்படி ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமில்லை. காற்றுத் துப்பாக்கிக்குச் சொல்லத்தக்க உதைப்பும் இல்லை. ஆயினும் போட்டி தொடங்குமுன் குறி சரிபார்க்கவென்றே தனி நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்தக் குண்டுகளுக்கு மதிப்பெண் கிடையாது. காட்டில் அத்தகைய நேரம் கிடையாது. அங்கே முதற்குண்டே கணக்கில் சேரும். கணக்கைத் தீர்ப்பவர் சுட்டவராக இருக்கவேண்டியதுமில்லை.

சம்பாவத் புலியின் வாயைக் கார்பெட் பின்னர் ஆராய்ந்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை முறிந்திருந்தது. முன்பு எவரோ சுட்ட குண்டின் விளைவு. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற்போனதால்தான் அது மனிதரை நாடியது என்பது அவர் முடிபு. சுட்டவர் யார், கை தவறியதா, கருவி தவறியதா என்பதற்குப் பதிவில்லை. புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் சென்ற மக்களின் சாவுதான் பதிவில் உள்ளது.

அந்தப் பதிவையும் நாம் சோதித்தே ஆகவேண்டும். பலியானோர் 436 பேர் என்று எங்கும் எழுதப்படுகிறது. அது இரண்டு எண்களின் கூட்டல்: நேபாளத்தில் 200, குமாவுனில் 236. இரண்டாவது ஒவ்வொன்றாக எண்ணியதன் சாயல் கொண்டது. முதலாவது முழு எண், தோராயத்தின் சாயல் கொண்டது. தோராயத்தோடு துல்லியத்தைக் கூட்டினால் கிடைப்பது தோராயமே. ஆனால் 436 என்று எழுதியவுடன் அது துல்லியமாகத் தோற்றமளிக்கிறது. இப்படிச் சொல்வதால் இறந்தோரின் துயர் சிறுத்துவிடாது. எந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே கேள்வி. பழைய வேட்டை நூல்களை வீரகாதையாக மட்டும் படிப்போரும், காலனியப் புனைவு என்று முற்றாகத் தள்ளுவோரும் இதைக் கேட்பதில்லை. பழைய தொலைநோக்கியை வெளிப்பளபளப்பைக் கண்டு வாங்குவதும், தூசியைக் கண்டு எறிவதும் போன்றவையே இவ்விரண்டும்.

தமிழில் ‘குறி பார்த்தல்’ என்ற தொடருக்கு இரண்டு பொருள்: இலக்கை நோக்குதல், நிமித்தம் கூறுதல். இரண்டும் ஒரே சொல்லில் கூடியிருப்பதை மொழியியல் மாணவனாக வியந்ததுண்டு. சோதித்த கருவியின் வழியே பார்த்தால் அது முதற்பொருள். சோதிக்காத கருவியின் வழியே பார்த்துவிட்டு உறுதியோடு பேசினால் அது இரண்டாம் பொருள்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக் காலம் முடிந்துவிட்டது, முடிந்தது நல்லதே. அதன் துப்பாக்கிகளை நாம் இனிக் கையில் எடுக்கவேண்டியதில்லை. அதன் நூல்களையும் எண்களையும் சான்றுகளையும் நாள்தோறும் எடுக்கிறோம். எடுக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலைநிறுத்தி, மூன்றாம் சுற்றையும் தவிர்க்காமல் சோதிப்போம். பிழை தெரியவரும்போது, கையா கருவியா என்று கார்பெட்டைப் போல நேர்மையாகக் கேட்பதோடு, விடைகாணும் வாய்ப்பும் நமக்கு இருக்கட்டும்.

– பாணேர், புணே