தோட்டாவின் கழுத்து



பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இப்போது கம்பத்தில் திராட்சைத் தோட்டம் பார்க்கும் என் மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில பாயிண்ட் இருபத்திரெண்டு சுடச் சொல்லுவாங்க. சுட்டு முடிச்சதும் காலித் தோட்டாவ ஒண்ணு விடாமப் பொறுக்கி எண்ணிக் கொடுக்கணும். பட்டாளத்துலயும் அதே கதைதான். அந்தப் பித்தளைக்கு என்ன அவ்வளவு மதிப்பு?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் பித்தளையின் விலையில் இல்லை, அதன் கழுத்தில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக் காவலுக்குப் பரணில் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈய ரவையைப் போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். அதற்குக் கூடும் கிடையாது, கழுத்தும் கிடையாது. கும்பினிப் படையின் துப்பாக்கியும் அடிப்படையில் அதே கதைதான். ஒரு வித்தியாசம், மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய அந்தக் காகிதத்தில் பூசியது மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற பேச்சு கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் கிளம்பி 1857-இல் எங்கே போய் முடிந்தது என்பதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு காகிதம் போய்ப் பித்தளை வந்தது. பித்தளையின் குணம் என்ன? சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கூடு விரிந்து துப்பாக்கியின் மருந்தறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகை பின்னால் கசியாது. அழுத்தம் தணிந்ததும் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும், அதனால்தான் வெளியே இழுக்க முடிகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது. குண்டைக் கவ்வியிருந்த கழுத்து அகன்று போயிருக்கும். புதுக் குண்டை வைத்தால் லொடலொடவென்று ஆடும்.

இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும் வித்தை வருகிறது. எஃகு அச்சுக்குள் கூட்டை அழுத்திக் கழுத்தை மட்டும் இறுக்குவார்கள். குண்டின் பருமனைவிட ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு குறைவாக இருந்தால் போதும், நம் தலைமுடியின் கனம்கூட வராது. இறுக்கம் ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கழுத்து நேராகவும் இருக்க வேண்டும். கோணினால் குண்டு குழலுக்குள் கோணலாகவே நுழையும், தூரத்து இலக்கில் அது தெரிந்துவிடும். அமெரிக்க வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேலாக வீட்டு மேசையில் வைத்தே இதைச் செய்து வருகிறார்கள்.

திரும்பத் திரும்ப இறுக்கினால் பித்தளை முறுகிக் கழுத்து வெடிக்கும். அப்போது கழுத்தை மட்டும் தீயில் காட்டிப் பதப்படுத்துவார்கள். அடித்து அடித்து இறுகிப்போன குடத்தை நம் கன்னார் உலையில் காட்டி இளக்குவாரே, அதேதான்.

நம் ஊர்ப் போலீசின் கையில் நாம் பார்த்து வளர்ந்த பாயிண்ட் 303-க்கு வருவோம். அதன் தோட்டாவுக்கு ஒரு விசித்திரம் உண்டு. 1889-இல் ஏபெல், டீவார் என்ற இரு வேதியியலாளர்கள் உருவாக்கிய கார்டைட் என்னும் மருந்து தூளாக இருக்காது, சேமியா போல இழை இழையாக இருக்கும். ஒரு தோட்டாவுக்குக் கிட்டத்தட்ட 60 இழை. குறுகிய கழுத்து வழியாக இந்தக் கட்டை எப்படி நுழைப்பது? நுழைக்க முடியாது. அதனால் நேரான குழாயாக இருக்கும்போதே இழைகளைச் செருகி, மேலே ஓர் அட்டை வட்டத்தை வைத்து, அதற்குப் பிறகுதான் கழுத்தை நெரித்தார்கள்! உள்ளே வெடிமருந்து இருக்க, வெளியே கூட்டை அழுத்துகிற வேலை. அந்த இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கார்டைட் நம் தமிழ்நாட்டிலும் தயாரானது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு தொழிற்சாலை, 1903-இல் தொடங்கியது. ஊட்டிக்கு மலை ரயிலில் போனபோது அருவங்காடு நிலையப் பலகையைக் காட்டினேனே, சுற்றுலா வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

303-இன் மருந்தறை கொஞ்சம் தாராளமானது. சேறும் மண்ணும் பட்ட தோட்டாவும் நுழைய வேண்டும் என்பது ராணுவத்தின் கவலை. ஆகவே சுட்ட கூடு அதிகமாகவே விரியும். அதை முழுவதும் பழைய அளவுக்கு அமுக்கி, மறுபடி சுட்டு, மறுபடி அமுக்கினால் அடிப்பக்கம் மெலிந்து இரண்டாகப் பிரிந்துவிடும். கழுத்தை மட்டும் இறுக்கினால் கூட்டின் ஆயுள் நீளும். வெளிநாடுகளில் 303 வைத்திருப்பவர்கள் பலர் இன்றைக்கும் செய்வது இதுதான்.

ராணுவக் கூட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டின் அடியில் இருக்கும் கேப்பைக் கழற்றினால்தான் மறுபடி நிரப்ப முடியும். பாக்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி செய்த முறையில் நடுவில் ஒரே துளை, ஊசியை விட்டுத் தள்ளினால் கேப் விழுந்துவிடும். பெர்டான் என்ற அமெரிக்கர் செய்ததில் ஓரமாக இரண்டு சிறு துளைகள், ஊசி எட்டாது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் பாக்சரை எடுத்துக்கொண்டார்கள், 303-க்கு ஆங்கிலேயர் பெர்டானை எடுத்துக்கொண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் போல!

ஆனாலும் வடமேற்கு எல்லையில் பட்டாணியர்கள் விடவில்லை. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேலில் கொல்லர்கள் 303 துப்பாக்கியையே கையால் நகல் செய்தார்கள். பட்டாளம் சுட்டுவிட்டுப் போன கூட்டைப் பொறுக்கி மீண்டும் மருந்திட்டார்கள். காலித் தோட்டா சர்க்காருக்குக் காலியாகத் தெரியவில்லை. நாளைக்குத் தன்மேல் திரும்பி வரக்கூடிய குண்டாகத் தெரிந்தது. நீ கேட்ட எண்ணிக்கைக்கு வேர் இந்தப் பயத்தில் இருக்கிறது, தம்பி.

1878 ஆயுதச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. மேலே மலைத் தோட்டத்துத் துரை ரைபிளோடு வேட்டைக்குப் போவார். கீழே நம் விவசாயி பன்றியை விரட்டத் தகரம் தட்டுவார். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகைச் சட்டத்தை எதிர்த்து நின்ற சனங்களைப் போலீஸ் சுட்டது. மாயாக்காள் உட்பட அன்று மடிந்தவர்களின் உறவுக்காரர்கள் நம் பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பங்கள். இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். யார் கையில் தோட்டா இருக்கலாம் என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் அன்று கிடைத்த பதில் அது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியருக்கான சலுகை இல்லை. தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றது. அதனால் அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது பக்கத்து வீட்டுக்காரர் மேசையில் கழுத்து இறுக்கும் அச்சைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வரவா என்று கேட்காதீர்கள்.

தம்பி, இன்னொன்று. நீங்கள் என்.சி.சி.யில் பொறுக்கிய பாயிண்ட் 22 கூட்டில் கேப் தனியாகக் கிடையாது, தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஒருமுறை சுட்டால் அதோடு சரி, அதை மறுபடி நிரப்பிச் சுடுவது நடைமுறையில் ஆகாத காரியம். இருந்தாலும் மைதானத்துப் புல்லை விலக்கி விலக்கித் தேடி அதையும் எண்ணிக் கொடுத்தோம்.