உறைவு

‘உறை’ என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தங்குதல், உறைவிடம் என்கிறோம். மற்றொன்று நீர்மமாக இருப்பது கட்டியாதல். பாலுக்கு உறை ஊற்றுகிறோம். இரத்த உறைவுக்கு மருத்துவர் சொல்லும் திராம்போசிஸ் என்ற பெயருக்கு மூலமான ‘திராம்போஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் இரத்தக்கட்டி, தயிர்க்கட்டி இரண்டையும் குறித்ததுதான்.

காலின் ஆழத்துச் சிரையில் இரத்தம் கட்டியாவது ஆழ்சிரை உறைவு. சிரை என்பது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கெண்டைக்கால் தசை சுருங்கித் தள்ளினால்தான் காலின் இரத்தம் மேலே ஏறும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோவின் பெயரால் மூன்று காரணங்களைச் சொல்வார்கள்: ஓட்டம் தேங்குதல், குழாய்ச்சுவர் காயப்படுதல், இரத்தமே எளிதில் உறையும் தன்மை. முதல் காரணத்தில் நம் சொல்லின் இரு பொருளும் கூடி நிற்கின்றன: தங்கிய இரத்தம் உறைகிறது.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சுடுகிறதா? அது ஆழ்சிரை உறைவாக இருக்கலாம். நம் வீடுகளில் உடனே தைலம் தேய்த்து நீவிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டி இருந்தால் டாப்ளர் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள்.

பச்சை உடம்பென்று பிள்ளை பெற்றவளைப் படுக்கையிலேயே கிடத்துவதும் தவறு; அசையாத காலில் இரத்தம் தேங்கும். பிரசவமானாலும் அறுவைச் சிகிச்சையானாலும், மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும். நெடுந்தூரப் பேருந்தில் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருங்கள், வண்டி நிற்கும்போது இறங்கி நாலு எட்டு வையுங்கள்.