விளிம்பில் இருக்கிறது பெயர்

பழைய பட்டாளத்து மெடல்களைச் சேகரிப்பவர்கள் முகப்பிலுள்ள ராஜா தலையோடு நிற்பதில்லை. விளிம்பைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பெற்றவனின் பெயர், பதவி, படைப்பிரிவு அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். விளிம்பு நமக்கொன்றும் புதுசில்லை. அங்கிருந்தே நானும் வாசிக்கிறேன்.

முதல் உலகப் போருக்காக 1919இல் பிரிட்டிஷ் அரசு ஏற்படுத்திய போர்ப் பதக்கம் இரண்டு உலோகங்களில் வந்தது. சிப்பாய்க்கு வெள்ளி. இந்தியத் தொழிலாளர் படைக்கு வெண்கலம். 1917இல் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தப் படையில் சந்தால், முண்டா, நாகா, காசி மக்கள் ஏராளம். இரண்டிலும் அதே ராஜா, அதே குதிரைவீரன். உலோகத்தில் மட்டும் தீண்டாமை!

1903-04 திபெத் படையெடுப்பிலும் இதே கணக்குதான். மூட்டை சுமந்தவனின் வெண்கல மெடலில் பேருக்கு முன்னால் 'கூலி' என்றே வெட்டி வைத்தான் வெள்ளைக்காரன். வேறு மெடல்களில் 'ஸ்வீப்பர்' என்றிருக்கும்.

ஆனாலும் பேர் இருக்கிறது. கோயில் கல்வெட்டில் தானம் கொடுத்தவன் பேர் இருக்கும். கல் சுமந்தவன் பேரை எங்கே போய்த் தேடுவது?

1980 வாக்கில் வெள்ளி விலை ஏறியபோது வெள்ளிப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. தொழிலாளியின் வெண்கலத்துக்கே இன்று சேகரிப்பாளர்கள் அதிக விலை தருகிறார்கள். விலை ஏறிவிட்டது, அவன் வரலாறுதான் எழுதப்படவில்லை.

மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் தலைமுறை தலைமுறையாகப் பறையர்கள் இருந்திருக்கிறார்கள். நம்ம சேரி வீடுகளில் டிரங்குப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. திறந்து பாருங்கள். மெடல் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விளிம்பில் உள்ளதை எழுத்து விடாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாட்டி உயிரோடிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மனுசனைப் பற்றிக் கேளுங்கள்.